மதினியின் கோபம் என்று நினைத்த காய்ச்சல்

என் உடம்புக்குள்ளே இன்னமும் குடியிருக்கும் மாரியாயி மதினிக்கு,

நலமா என்று உங்களைக் கேட்கப்போவதில்லை. உங்களில் ஒரு பங்கு இங்கேதான், என் வயிற்றின் வலது பக்கத்தில், நலமாக இருக்கிறது. மிச்சத்தின் நலத்தை மேலே இருக்கிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். அங்கேயும் விடிந்ததும் விடியாததுமாக யாரையாவது திட்டிக்கொண்டுதான் இருப்பீர்கள் என்று என் வீட்டுக்காரர், உங்கள் தம்பி, சொல்கிறார்.

நடந்ததை உங்களிடம் சொல்லாவிட்டால் எனக்கு மனசு ஆறாது. உங்கள் சிறுநீரகத்துக்கு டெங்கு வந்துவிட்டது மதினி. சரி, வந்தது எனக்குத்தான். ஆனால் படுத்துக் கிடந்தது நாம் இரண்டு பேரும்தானே?

போன வருஷம் தேயிலைக் கொழுந்து பறிக்கும்போது குளவி கொட்டி நீங்கள் போனீர்கள். அன்றைக்கு நான் அழுத அழுகையைப் பார்த்து லயத்து வரிசை வீடு அத்தனையும் அதிசயப்பட்டது. பீலியில் தண்ணீர் பிடிப்பதிலிருந்து விறகு அடுக்குவதுவரை நாம் போடாத சண்டையா? அதற்கு முன்னாலே எனக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போய், சொந்தத்தில் யாராவது ஒன்று கொடுத்தால்தான் பிழைப்பாள் என்று கொழும்பில் சொன்னார்களே, அப்போதுகூட நாம் பேச்சுவார்த்தை இல்லாமல்தான் இருந்தோம். "இவ செத்துட்டா நான் யாரோட சண்டை போடுறது?" என்று சொல்லிக்கொண்டு முன்னால் வந்து நின்றவர் நீங்கள்தான். உங்கள் அப்பா என் தாய்மாமன். மாமன் மகள் ரத்தம் அத்தை மகளுக்குப் பொருந்திப்போயிற்று; உங்களில் ஒன்றை எடுத்து எனக்கு வைத்தார்கள்.

இப்போது கதைக்கு வருகிறேன். கிளினிக்குக்குக் கொழும்பு போன நாங்கள், வத்தளையில் உங்கள் தம்பியின் கூட்டாளி வீட்டில் ஒரு வாரம் தங்கினோம். அவர் குழந்தைக்குக் காதுகுத்து. வீட்டுக்குப் பின்னால் வாய்க்கால், பழைய டயர், தேங்காய்ச் சிரட்டை. பட்டப்பகலிலேயே கொசு, கொழும்புப் பக்கத்தார் சொல்கிற நுளம்பு, மொய்த்தது. நான் காலைச் சொறிந்துகொண்டே பலகாரம் சுட்டேன்.

மலையேறி ராகலைக்குத் திரும்பி வந்ததும் உங்கள் வருஷப் படையல். உங்களுக்குக் கருவாட்டுக் குழம்பு என்றால் உயிர். எனக்கோ உப்பு ஆகாது. வாசனை வந்தால் நான் சட்டியில் கைவிட்டுவிடுவேன் என்று உங்கள் தம்பிக்குப் பயம். அதனால் பருப்பும் பூசணிக்காயும் வைத்துப் படைத்துவிட்டார். "அக்கா கோவிச்சுக்காது" என்று அவரே முடிவும் செய்துகொண்டார்.

இரண்டு மூன்று நாளில் எனக்குக் காய்ச்சல். பெரிய காய்ச்சல் இல்லை. ஆனால் எலும்பெல்லாம் வலி, கண்ணுக்குப் பின்னால் குத்தல். லயத்தில் அடுத்த காம்பராவில் குடியிருக்கும் பேச்சியக்கா கம்பளியால் என்னைச் சுற்றி, கொத்தமல்லித் தண்ணீர் வைத்துக் கொடுத்தார். அப்புறம் இடுப்பில் கைவைத்துக்கொண்டு உங்கள் தம்பியைப் பிடித்தார்.

"ஏம்பா முத்தையா, மாரியாயிக்குக் கருவாடு வச்சியா?"

"இல்லீங்கக்கா."

"பின்ன காய்ச்சல் வராம என்னா செய்யும்? அவ கிட்னி அவளுக்குத்தானே கட்டுப்படும்? கோவிச்சுக்கிட்டா!"

உங்கள் தம்பி முகம் செத்துப்போயிற்று. அன்றைக்கே ஓடிப்போய்க் கருவாடு வாங்கி, குழம்பு வைத்து, உங்கள் படத்துக்கு முன்னால் படைத்துக் கும்பிட்டார். சாப்பிட்டீர்களா? காய்ச்சல் மட்டும் விடவில்லை. சிறுநீரும் குறைந்துபோயிற்று. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது. பஸ் பிடித்து நுவரெலியா, அங்கேயிருந்து கொழும்பு.

நமக்கு ஆபரேஷன் நடந்தபோது பார்த்த அதே டாக்டரம்மாதான் வார்டில் இருந்தார். சிங்களவர், ஆனால் நம்மிடம் உடைந்த தமிழில்தான் பேசுவார். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு முகத்தைச் சுருக்கினார்.

"கிட்னி வேலை குறைஞ்சிருக்கு. இதை வேணாம்னு தள்ளுது போல."

"எங்க மதினிக்குக் கோவம் அப்பிடி நெலைக்காதுங்க டாக்டர்," என்றேன். "திட்டுவாங்க, சாயந்தரத்துக்குள்ள மறந்துருவாங்க."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "கிட்னி உங்களைத் தள்ள இல்லை. உங்க உடம்புதான் கிட்னியைத் தள்ளும்."

மதினி, அதுவரைக்கும் நான் அழவில்லை. அதைக் கேட்டதும் அழுதேன். அப்படியானால் கோபக்காரி நீங்கள் இல்லையா, நானா? பத்திரமாக என்னிடம் கொடுத்துவிட்டுப் போனதை நானே வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறேனா? அப்படித் தள்ளாமல் இருக்கத்தானே வேளை தவறாமல் அந்த மாத்திரைகளை விழுங்கினேன்?

மறுநாள் அதே மாதிரி மருந்தைக் கூட்டிப் பெரிய ஊசியாகப் போடுவது என்று பேச்சு. அதற்கு முன்னால் டாக்டரம்மா ஒன்றொன்றாக விசாரித்தார். இருமல் உண்டா, எரிச்சல் உண்டா, கொசு கடித்ததா? கொசு என்றதும் எனக்கு மலைப் பெருமை வந்துவிட்டது.

"எங்க மலையில கொசுவே கெடையாதுங்க! அந்தக் குளிருக்கு அதுவே செத்துப்போயிரும்."

அவரும் நம்பிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலையில் என் கையிலும் மார்பிலும் சிவப்புச் சிவப்பாகத் தடித்திருந்தது. ரத்தத்தில் அணுக்களும் ரொம்பக் குறைந்திருந்தன. டாக்டரம்மா யோசனையோடு நிற்கும்போது உங்கள் தம்பி பார்க்க வந்தார். கழுத்தைச் சொறிகிறார், காலைச் சொறிகிறார்.

"என்ன அது?" என்றார் டாக்டரம்மா.

"கொசுங்க. வத்தளையில தங்கியிருக்கேன். போன தடவ இவளும் அங்கதான் ஒரு வாரம் இருந்தா. இவளையும் புடுங்கி எடுத்துருச்சு."

டாக்டரம்மா மெதுவாக என் பக்கம் திரும்பினார். "கொசு இல்லேன்னு சொன்னீங்க?"

"எங்க மலையிலதான் இல்லைன்னு சொன்னேங்க."

தலையில் அடித்துக்கொண்டார், மதினி! ஆனால் உடனே அந்தப் பெரிய ஊசியை நிறுத்தச் சொன்னார். ரத்தத்தை வேறோர் இடத்துக்கு அனுப்பிப் பார்த்தார்கள். டெங்குதான். ஊசியைப் போட்டிருந்தால் காய்ச்சலை எதிர்க்க உடம்பில் இருந்த கொஞ்சம் பலமும் போயிருக்குமாம். அணுக்கள் இன்னும் குறையாமல் இருக்க, நான் வழக்கமாக விழுங்கும் மாத்திரையிலும் ஒன்றைக் குறைக்க வேண்டும் என்றார்கள்.

அதுதான் எனக்குப் பெரிய பயம். மாத்திரையைக் குறைத்தால் உங்களைத் தள்ளிவிட மாட்டேனா? குறைக்காவிட்டால் ரத்தம் கசிந்து நானே போய்விடலாம். "ரெண்டையும் பார்த்துக்கிட்டே போவோம்" என்றார் டாக்டரம்மா. ஈறில் ரத்தம் வந்தது. காலை மாலை ஊசி குத்தி ரத்தம் பார்த்தார்கள். நான் வயிற்றின் வலது பக்கம் கையை வைத்துக்கொண்டு படுத்திருந்தேன். உங்களோடு பேசினேன். கேட்டதா? நேரில் ஒரு தடவைகூட உங்களிடம் கெஞ்சியதில்லை. அந்த வார்டில் கிடந்து வெட்கமில்லாமல் கெஞ்சினேன்.

காய்ச்சல் விட்டது. அப்புறம் ஒரு காலையில் நர்ஸ் என் சிறுநீர்ப் போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு வார்டே கேட்கக் கூவினார். போத்தல் நிறைய! பக்கத்துக் கட்டில்காரர்களெல்லாம் கைதட்டினார்கள். ஊர் உலகத்தில் மூத்திரத்துக்குக் கைதட்டு வாங்கியவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். காலைப் பெரட்டில் வேலைக்குப் பெயர் கூப்பிடுவதற்கு முன்னாலேயே கூடையோடு போய் நிற்பீர்களே, அதே மாதிரி வேலைக்குத் திரும்பிவிட்டீர்கள். ரத்தச் சோதனையிலும் சிறுநீரகம் பழையபடி ஆகிவிட்டது.

வீட்டுச் செய்தி வேண்டுமா? உங்கள் தம்பி நுளம்பு வலை வாங்கி வந்து நம் காம்பராவில் கட்டியிருக்கிறார். ராகலைக் குளிரில் நுளம்பு வலை! லயத்துப் பிள்ளைகள் வேடிக்கை பார்க்க வந்து போகின்றன. பேச்சியக்கா இன்னும் டெங்குவை நம்பவில்லை. கருவாடு படைத்ததால்தான் பிழைத்தேன் என்று நான் தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவரை வந்து சொல்லிவிட்டுப் போகிறார். நானும் மறுத்துப் பேசவில்லை. யாருக்குத் தெரியும்?

குறைத்த மாத்திரையை மறுபடியும் பழைய அளவுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். இனி ஒரு வேளையும் தவற விட மாட்டேன். காய்ச்சல் அடித்தால் கம்பளிக்குள் சுருண்டு கிடக்காமல் பஸ் ஏறுவேன். டாக்டரம்மா எதைக் கேட்டாலும் பெருமை பேசாமல் பதில் சொல்வேன். இதெல்லாம் உங்களுக்குக் கொடுக்கும் வாக்கு.

உயிரோடு இருந்தபோது "எங்க வீட்ட விட்டுப் போங்க" என்று உங்களை எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! இப்போது சொல்கிறேன், எங்கேயும் போகாதீர்கள் மதினி. இங்கேயே இருங்கள். நான் வரும்போது சேர்ந்தே வருவோம்.

என்றும் உங்கள்
அத்தை மகள், தம்பி பெண்சாதி,
ராசாத்தி