நான் அடித்த நான்கு முளைக்குச்சிகள்

மார்ச் 4, செவ்வாய்

நாற்பத்தேழு வயதில் என்னைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள். மனைத் தரகு உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டுமென்றால் இந்த மூன்று நாள் வகுப்புக்கு வந்தே தீரவேண்டுமாம். 'நில அளவை, டிஜிட்டல் வரைபடம் — மனைத் தொழில் செய்வோருக்கான அடிப்படைப் பாடம்.' பதினாறு வருஷமாக மனை விற்கிறேன். எனக்கு அடிப்படையாம்!

பாடம் எடுப்பவள் ஒரு சர்வேயர். முப்பது தாண்டியிருக்காது. வெயிலில் நின்று நின்று மூக்கு நுனி கறுத்திருக்கிறது. எதைக் கேட்டாலும் மில்லிமீட்டரில்தான் பதில். மதியத்துக்குள் எங்கள் பெஞ்சில் அவளுக்கு 'மில்லி' என்று பெயர் வைத்தாகிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்த வங்கி மதிப்பீட்டாளர் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குகிறார். அந்த வித்தைக்கு யாராவது வகுப்பெடுத்தால் முதல் ஆளாகச் சேருவேன்.

சாயங்காலம் தம்பி போன் செய்தான். பில்லர் குழியெல்லாம் தோண்டியாச்சாம், வெள்ளிக்கிழமை காலையில் கான்கிரீட். "நீ வந்தாதான்க்கா ஆரம்பிப்பேன்." அவன் இருக்கிற வாடகை வீட்டை ஜூலைக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அவன் மனைவிக்கு இது ஐந்தாம் மாதம். அளக்கிற ஆள் வர நாளாகும் என்று அவன் கையைப் பிசைந்தபோது, "நான் எதுக்கு இருக்கேன்?" என்று நான்தான் போய் மனையின் நாலு மூலைக்கும் முளைக்குச்சி அடித்துக் கொடுத்தேன். செல்போனில் சாட்டிலைட் படம், அதன்மேல் மனைப்பிரிவு வரைபடம். அரைமணி நேர வேலை. சுற்றிலும் வேலிகூட இல்லாத வெற்று மனைகள். படம் இல்லாவிட்டால் எது யாருடையது என்றே தெரியாது.

மார்ச் 5, புதன்

எழுத உட்கார்ந்து மூன்று தடவை எழுந்துவிட்டேன்.

மில்லி இன்று ஒரு விளையாட்டுக் காட்டினாள். "உங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச இடம் ஒண்ணை சாட்டிலைட் படத்துல எடுங்க. அசையாத பொருள் எதுமேலயாவது ஒரு குறி வைங்க. இப்ப அதே இடத்தை வேற வருஷம் எடுத்த படத்துக்கு மாத்துங்க." நான் தம்பி மனையை எடுத்தேன். அந்தத் தெரு முனையில் மூன்று ஆள் உயரத்துக்கு ஒரு கான்கிரீட் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. அதன் மூலையில் குறி வைத்தேன். வருஷத்தை மாற்றினேன்.

தொட்டி நகர்ந்துவிட்டது. குறி வெறும் மண்ணில் நிற்கிறது.

இன்னொரு வருஷம் போட்டேன். வேறு பக்கம் நகர்ந்தது. வங்கிக்காரர் முழித்துக்கொண்டு, "என்னம்மா, தொட்டி காலாற நடக்குதா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

"தொட்டி அங்கயேதாங்க இருக்கு. நகர்ந்தது படம்," என்றாள் மில்லி. "மேலேர்ந்து எடுத்து, இழுத்துப் பிடிச்சு ஒட்டினது. ரெண்டு மீட்டர் மூணு மீட்டர் தள்ளி உட்காரும், சில இடத்துல அதுக்கும் மேல. செல்போன்ல வர்ற நீலப் புள்ளியும் அப்படித்தான். வழி கண்டுபிடிக்க இது போதும். இதை வச்சு எல்லை போட்டீங்கன்னா தயவுசெஞ்சு இந்தத் தொழிலை விட்டுடுங்க."

நான் முளை அடித்தது எந்த வருஷப் படத்தை வைத்து? நினைவில்லை. சத்தியமாக நினைவில்லை.

தம்பிக்கு போன் போடலாமா? போட்டு என்ன சொல்வது — தொட்டி நடக்கிறது என்றா? முதலில் எனக்கு நிச்சயமாகத் தெரியட்டும்.

மார்ச் 6, வியாழன்

காலை ஆறரைக்கே டேப்பை எடுத்துக்கொண்டு மனைக்குப் போனேன், வீட்டுக்காரரையும் இழுத்துக்கொண்டு. மூக்குக் கண்ணாடிக் கடையைத் திறக்க நேரமாகிறது என்று முனகிக்கொண்டே மனுஷர் மறுமுனையைப் பிடித்தார். அகலம் பன்னிரண்டு மீட்டர். நீளம் பதினெட்டு. மூலைக்கு மூலை இழுத்தால் இரண்டு பக்கமும் ஒரே அளவு. பத்திரத்தில் இருக்கிறது அச்சு அசலாக! "இதுக்கா நேத்துலேர்ந்து என் உயிரை வாங்கினே?" என்றார். டேப்புக்கு முத்தம் கொடுக்காத குறைதான். வழியில் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

வகுப்பு முடிந்ததும் மில்லியிடம் பெருமையாகச் சொன்னேன். எனக்குத் தெரிந்த ஒருவர் படத்தை வைத்துத்தான் முளை அடித்தார், டேப் வைத்துப் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கிறதே என்று.

"எங்கேர்ந்து அளந்தாரு?"

"முளையிலேர்ந்து முளைக்கு."

"அப்ப மனையோட அளவு சரி. அது எங்க இருக்குங்கிறதுதான் தெரியலை. இந்த மேசையைத் தூக்கி அடுத்த ரூம்ல போட்டாலும் நீளம் இதேதானே?" அரசு நட்ட கல் ஒன்றிலிருந்து அளந்துகொண்டு வரவேண்டுமாம். அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள். "அந்தத் தெரிஞ்சவர்கிட்ட, கான்கிரீட் போடுறதுக்கு முன்னாடி நிறுத்தச் சொல்லுங்க."

கண்டுபிடித்துவிட்டாளோ? கண்டுபிடிக்கட்டும். நாளைக் காலையில் சொல்லிவிடுகிறேன். போனில் சொல்கிற விஷயமா இது? நேரில் சொல்வதுதான் முறை.

மார்ச் 7, வெள்ளி

சொல்லவில்லை.

சொல்லத்தான் போனேன். எனக்காக எட்டு பேர் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். தம்பி மனைவி குடையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். "அண்ணி வந்தாச்சு, இனிமே ஆரம்பிங்க."

மேஸ்திரி என் பக்கத்தில் வந்து, "ஒரு சந்தேகம்மா," என்றார். "குழி தோண்டும்போது பழைய கல்லு ஒண்ணு தட்டுப்பட்டுச்சு. உங்க முளைக்கு ரெண்டரை மீட்டர் உள்ள தள்ளி. பார்த்தா எல்லைக்கல்லு மாதிரி இருக்கு. எடுக்காம அப்படியே விட்டு வச்சிருக்கேன். தம்பிகிட்டயும் சொன்னேன்."

தம்பி சிரித்தான். "அக்கா வச்சதுக்கப்புறம் கல்லு என்னங்க கல்லு?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒரே சொல்தான் — நிறுத்துங்க. தொண்டை வரைக்கும் வந்தது. வெளியே வந்தது வேறு.

"ம்... போடுங்க."

ஏன்டி சொன்னே? ஏன் சொன்னே? எட்டு பேர் முன்னாடி மூக்கு உடையக்கூடாது, அவ்வளவுதானே? பதினாறு வருஷ அனுபவம், பெரிய இவ!

பன்னிரண்டு குழி. மதியத்துக்குள் எல்லாம் நிரம்பிவிட்டது. தம்பி என் தோளில் கை போட்டு ஒரு போட்டோ எடுத்துக்கொண்டான்.

மார்ச் 8, சனி

குழம்பில் உப்பு பத்தலை என்றார் வீட்டுக்காரர். போடவே இல்லை என்றேன்.

மார்ச் 10, திங்கள்

மில்லியைக் கெஞ்சிக் கூட்டிப்போனேன். தம்பி ஏசி மெக்கானிக், பகலில் மனைப்பக்கம் வரமாட்டான். அந்தத் தெரிஞ்சவர் நான்தான் என்று வண்டியில் சொன்னேன். "தெரியும்" என்றாள்.

தெருவுக்கு அந்தப் பக்கம் புதர்க்குள் இருந்த அரசுக் கல்லைத் தேடிப் பிடித்து, அதற்கு நேர்மேலே முக்காலியில் டோட்டல் ஸ்டேஷன் என்கிற அளவைக் கருவியை நிறுத்தினாள். அந்தக் கருவி குறிபார்க்கிற பிரிசக் கண்ணாடி மாட்டிய கோலை என் கையில் கொடுத்து மனையின் மூலைக்கு அனுப்பினாள். "கோல்ல இருக்கிற குமிழி நடுவுல நிக்கணும்மா. ஆட்டாதீங்க." இரண்டு கையாலும் கோலை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

மேஸ்திரி சொன்ன கல் எல்லைக்கல்லேதான். இரண்டு மீட்டர் நாற்பது சென்டிமீட்டர். மனையையே கிழக்கே அவ்வளவு தூரம் தள்ளி வைத்திருக்கிறேன். தம்பி ஓரத்தில் ஒரு மீட்டர் விட்டுத்தான் கட்டுகிறான். அப்படியும் கிழக்கு வரிசைப் பில்லர் நாலும் பக்கத்து மனைக்குள் ஒன்றரை மீட்டர் கிட்டத்தட்டப் போய் உட்கார்ந்திருக்கின்றன.

மில்லி திட்டவில்லை. திட்டித் தொலைத்திருக்கலாம். "முன்னாடியே நிறுத்தச் சொன்னேனேம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு முக்காலியை மடக்கினாள்.

மார்ச் 11, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

தம்பி வீட்டில் தரையில் உட்கார்ந்து ஒரு மோட்டாரைப் பிரித்துக்கொண்டிருந்தான். மில்லி போட்ட வரைபடத்தை நீட்டி, விரல் வைத்துக் காட்டினேன். புரியக் கொஞ்ச நேரமானது. புரிந்ததும், "சரி விடுக்கா" என்றான். "நீயா வேணும்னா செஞ்சே? படம் ஏமாத்திடுச்சு. நாலு பில்லர்தானே, உடைச்சுக்கலாம்." எனக்கு அழுகை வந்துவிட்டது. இவ்வளவு லேசாகவா?

அவன் மனைவி உள்ளேயிருந்து வந்தாள். "உங்களுக்கு எப்ப தெரியும் அண்ணி?"

நேற்றுத்தான் அளந்தோம், நேற்றுத்தான் தெரியும் என்று சொல்லியிருக்கலாம். முழுப்பொய் என்றுகூடச் சொல்ல முடியாது. ஆனால் இன்னொரு தடவை என்னால் முடியவில்லை.

"புதன்கிழமை சந்தேகம் வந்துச்சு. வியாழக்கிழமை... ஏறக்குறையத் தெரியும்."

தம்பி ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தான். "கான்கிரீட் போட்டது வெள்ளி."

"ஆமாம்டா."

"மேஸ்திரி கேட்டப்ப நீ பக்கத்துலதான் நின்னே."

"ஆமாம்."

"போடுங்கன்னு சொன்னே."

தலையை ஆட்டினேன். கத்துவான் என்று நினைத்தேன், சின்ன வயசிலிருந்தே எதற்கெடுத்தாலும் கத்துகிறவன். கத்துடா, கத்தித் தொலைடா என்று இருந்தது. அவன் வரைபடத்தை நாலாக மடித்து என் கையில் கொடுத்தான்.

"நீ வீட்டுக்குப் போக்கா."

மார்ச் 15, சனி

நாலு தடவை போன் போட்டேன். எடுக்கவில்லை.

மார்ச் 23, ஞாயிறு

பக்கத்து மனைக்காரரை நானே போய்ப் பார்த்தேன். ஓய்வுபெற்ற ரயில் டிரைவர். விஷயத்தைச் சொன்னதும், "நான் சண்டைக்கு வரமாட்டேம்மா, ஆனா என் இடம் எனக்கு வேணும்" என்றார். நியாயம்தான். என்ன சொல்வது அவரை.

நாலோடு போகவில்லை. மிச்சம் எட்டை வைத்துக்கொண்டு அந்த வீட்டைக் கட்ட முடியாது என்று இன்ஜினியர் சொல்லிவிட்டாராம். பன்னிரண்டும் உடைகிறது. தண்ணீர்த் தொட்டிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். புது எல்லை போட மில்லியைத்தான் தம்பி கூப்பிட்டிருக்கிறான். இரண்டு பேரும் ஏதோ பேசினார்கள், அவன் அவள் சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டான். நான் சொல்லி அவன் எதையும் எழுதி நான் பார்த்ததில்லை. எழுதாமலே நம்புவான். அங்கே போகக் கால் வரவில்லை, திரும்பி வந்துவிட்டேன்.

ஏப்ரல் 9, புதன்

மனை பார்க்க வந்த ஒருவர், "நீங்க காட்டினா போதும்மா, தனியா எதுக்கு சர்வேயரு?" என்றார். போதாதுங்க என்றேன். இந்த அம்மாவுக்குத் தொழில் தெரியவில்லை என்று வேறு தரகரிடம் போய்விட்டார். போகட்டும்.

மே 4, ஞாயிறு

தம்பி வந்தான்! சொல்லாமல் கொள்ளாமல், அவனாகவே.

புது அஸ்திவாரம் முடிந்ததாம். ஜூலைக்குள் வீடு ஆகாது, குழந்தை வேறொரு வாடகை வீட்டில்தான் பிறக்கும். அதை மட்டும் ஜன்னலைப் பார்த்துச் சொன்னான். அப்புறம் டீ குடித்தான். வீட்டுக்காரரோடு சேர்ந்து என் சமையலைக் கிண்டல் செய்தான். பேச்சுக்குப் பேச்சு அக்கா, அக்கா. இரண்டு மாசம் கழித்து இன்றைக்குத்தான் எனக்கு மூச்சே வந்த மாதிரி இருந்தது.

வண்டியை சர்வீஸுக்கு விட்டிருக்கிறான், பஸ்ஸில்தான் போகவேண்டும். "ஆறு மணி வாக்குல பஸ் இருக்காக்கா?"

"ஆறு பத்துக்கு இருக்குடா."

இருபது வருஷமாக இந்தத் தெருவில்தான் இருக்கிறேன். அவன் தலையாட்டிவிட்டு வெளியே போய்ச் செருப்பை மாட்டினான். எதிர்வீட்டுக்காரர் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். "ஏங்க, ஆறு பத்துக்கு பஸ் இருக்குங்களா?" என்று அவரிடம் கேட்டான்.

இருக்கு தம்பி, என்றார் அவர்.

என்னைக் குத்திக்காட்ட அவன் கேட்கவில்லை. கேட்டோம் என்பதுகூட அவனுக்குத் தெரிந்திருக்காது. "வரேன்க்கா" என்று சிரித்துக்கொண்டே கையை ஆட்டினான். நானும் ஆட்டினேன்.