பன்னிரண்டு மிளகாய்

ஜூன் 16, திங்கள்

காலையிலிருந்தே புழுக்கம். கல்லணை திறந்தாயிற்றாம். நம் வாய்க்காலில் இன்னும் புழுதிதான்.

வியாழன் அவருடைய திதி. படையலுக்கு: கடலைப்பருப்பு அரைப்படி, சின்ன வெங்காயம், இலை, பச்சை மிளகாய் (நீளம், குண்டு வேண்டாம்).

மருமகள் சு. சாம்பாரில் இரண்டு முறை உப்பு. கேட்டால், "தெரியல அத்தை." நான் படித்த கான்வென்டில் தவறு செய்தவள் தானே எழுந்து நிற்க வேண்டும், மதர் கேட்கும்வரை காத்திருக்கக் கூடாது. சொன்னேன்.

மகனுக்குப் பொறுக்கவில்லை. "போன மாசம் பாலை வச்சுட்டு மறந்தது யாரும்மா? இந்தத் திதியிலயும் ஏதாவது ஆச்சுன்னா அடுப்படிய அவகிட்ட விட்டுடுங்க."

ஒரு பால். ஐம்பது வருடச் சமையல் கண்ணில் படவில்லை.

ஜூன் 18, புதன்

முட்டிவலி. தைலம் தீர்ந்துவிட்டது.

நாளைய வடை மிளகாய்க்கென்று சு. மிக்ஸியை எடுத்து வைத்தாள். "ஒரு சுத்து விட்டா போதும் அத்தை, கை எரியாது."

மிக்ஸியில் மிளகாய் கூழாகிவிடும், கசக்கும். கத்தியால்தான், குருணை அளவுக்கு. அரைப்படிக்குப் பன்னிரண்டு. கூடவும் கூடாது, குறையவும் கூடாது. கடிக்குக் கடி ஒரு துணுக்கு வேண்டும் அவருக்கு.

ஜூன் 19, வியாழன்

மூட்டம். மழையில்லை.

வடைக்கு மிளகாய் நறுக்கி மாவில் போட்டேன். பூதலூர்க் கொழுந்தனார் வந்தார். எழுந்துபோய் மோர் கொடுத்துவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்து நறுக்கினேன். படையலுக்கு முன் ருசி பார்ப்பதில்லை.

காக்கை இரண்டு வடை தின்றது. மனிதர்களால் முடியவில்லை. கொழுந்தனாருக்கு முதல் கடியிலேயே இருமல், கண்ணெல்லாம் தண்ணீர்.

"என்ன அண்ணி, அண்ணன் மேல உள்ள கோவம் இன்னும் தீரலையா?"

எல்லோரும் சிரித்தார்கள். மகன் சிரிக்கவில்லை. என்னையே பார்த்தான்.

சு. முந்திக்கொண்டாள். "என் தப்புதான் சின்ன மாமா. அத்தை போட்டது தெரியாம நானும் நறுக்கிப் போட்டுட்டேன்."

"இனிமே கேட்டுட்டுப் போடு," என்றேன். அத்தனை பேர் முன்னால்.

ஜூன் 20, வெள்ளி

கை இன்னும் எரிகிறது. எண்ணெய் தடவியும் போகவில்லை.

காய்க் குப்பையைக் கொட்டப் போனேன். மிளகாய்க் காம்புகள். சு. கத்தியால் தலையோடு வெட்டுவாள். இவை நகத்தால் கிள்ளியவை. என் கை.

எண்ணினேன். இருபத்து நான்கு.

பின்னால் சு., காபியோடு. காம்புகளைப் பார்த்தாள். டம்ளரை நீட்டினாள்.

"மிச்ச வடை?"

"மோர்க்குழம்புல போட்டுட்டேன் அத்தை. இப்ப காரம் தெரியாது."

கூடத்தில் மகன் இருந்தான். எதிரில் உட்கார்ந்து காபியைக் குடித்தேன். சர்க்கரை சரியாக இருந்தது.

எழுந்து நிற்கவில்லை.