பாலைவனத்தில் சொன்ன ஜெபம்

பேர்லேண்ட், அமெரிக்கா

அன்புள்ள தங்கை எலிசாவுக்கு,

ஆண்டவர் கிருபையில் நலமாக இருக்கிறேன். உன் முழங்கால் வலி எப்படி?

விடுமுறைக்கு மகன் ஜெஃப்ரின் எங்களைக் கசாக்ஸ்தான் பாலைவனத்துக்கு அழைத்துப் போனான். ஜீப் மணலில் புதைந்து மூன்று மணி நேரம் நின்றோம். பயப்படாதே, பாழானது என் புடவை மட்டும்தான். வண்டியை மீட்டபின் வழிகாட்டி எர்லான் ரொட்டியும் தேநீரும் எடுத்து வைத்தார். ஆனால் தொடவில்லை.

“அம்மா, மூத்தவங்க ஆசீர்வாதம் சொன்னாதான் சாப்பிடுவாராம். ஸ்டார்ட் பண்ணுங்க!” என்றான் ஜெஃப்ரின்.

கான்வென்டில் நின்றதுபோல் நிமிர்ந்து நின்று, தமிழில் ஜெபம் சொன்னேன். எர்லான் இரு கைகளையும் ஏந்திக் கேட்டார்.

இங்கே ஜெஃப்ரின் வீட்டில் அவரவர் நேரத்துக்குத் தட்டை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். சேர்ந்து உட்கார்ந்து ஜெபம் செய்து சாப்பிடலாம் என்று சொல்லிச் சொல்லிக் களைத்துவிட்டேன்.

மூக்குக்கண்ணாடிக்குக் கயிறு ஒன்று அனுப்பு. நீங்கள் இரவுச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது எனக்குப் போன் செய். இங்கே அப்போது காலை பத்து மணி, நான் மட்டும்தான் இருப்பேன்.

தபால் வண்டி வந்துவிட்டது. போனில் நான் ஜெபம் சொல்லி முடிக்கும்வரை அங்கே யாரும் தட்டைத் தொடக் கூடாது.

அக்கா,
பிளாரன்ஸ்