அட்சதைக்குப் பின்னால் ஒரு முகம்

பிப்ரவரி 17, திங்கள்

நேற்றைய கல்யாணப் படங்களை கௌரிசங்கர் சார் ஸ்டுடியோ கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார். தாலி கட்டும் படம். அட்சதை மணிமணியாகத் தெரிகிறது, ஒட்டியிருக்கும் மஞ்சள்கூடத் தெரிகிறது. பெண்ணின் முகம் மட்டும் கலங்கல். கேமரா தானாக ஃபோகஸ் செய்யட்டும் என்று விட்டேன். அது முன்னால் பறந்த அரிசியைப் பிடித்துக்கொண்டது.

"கல்யாணம் அரிசிக்கா, பொண்ணுக்கா? சொல்லு ஜோதிமணி" என்றார். இனி எனக்கு ஸ்டேஜ் கிடையாதாம். பந்தியை எடு என்றுவிட்டார்.

பிப்ரவரி 20

ஹெப்பாளில் கம்பெனி வேலை, கம்பெனி பஸ், கேண்டீன் சாப்பாடு. அத்தனையையும் உதறிவிட்டு வந்தது ரசம் ஊற்றுகிறவரைப் படம் எடுக்கவா? சீ!

மார்ச் 9, ஞாயிறு

தாலி கட்டுவது ஒரு நொடி. இன்னொரு தடவை கட்டுங்க என்று கேட்க முடியுமா? கையாலேயே ஃபோகஸ் செய்யப் பழகினால்தான் உண்டு. என் அறைத்தோழி தீபாவை மொட்டை மாடியில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, தன் முகத்துக்கு முன்னால் அரிசியை வீசச் சொன்னேன். எடுத்ததெல்லாம் கலங்கல்.

"சாகு கணே, போதும்டி! ஆபீஸ்ல தலையை ஆட்டினா அரிசி கொட்டுது" என்று கத்துகிறாள். கத்தட்டும். உட்கார்ந்திருப்பதுதானே அவள் வேலை!

மார்ச் 23

இன்றும் உருப்படவில்லை. நான் பழகுகிறேனா, புறாவுக்குத் தீனி போடுகிறேனா?

ஏப்ரல் 16, புதன்

மாதேஸ்வரன் மலைக் கோயிலுக்குப் பஸ் ஏறிப் போனேன். அங்கே வந்து எளிமையாகக் கல்யாணம் முடிப்பவர்கள் உண்டு. நிஜ அட்சதை, நிஜத் தள்ளுமுள்ளு. ஒரு பெண்ணின் அப்பா சித்தையனிடம், சும்மாவே எடுத்துத் தருகிறேன் என்றேன்.

"சும்மாவா? அதுல என்ன சூது இருக்குது அம்மிணி?"

பழகத்தான் என்றதும் இன்னும் மோசம். "பழகறதுக்கு எங்கூட்டுக் கல்யாணந்தான் கெடைச்சுதா உனக்கு?" கெஞ்சிக் கூத்தாடி எடுத்தேன். ஒன்றே ஒன்று தெளிவாக வந்தது. பஸ்ஸில் அதைப் பார்த்துத் தனியாகச் சிரித்தேன். பக்கத்து சீட்டுக்கார அம்மா தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

அடுத்த வாரமும் போவேன்.

மே 27

நாளை ஒரே முகூர்த்தத்தில் சாருக்கு இரண்டு கல்யாணம். ஒன்றுக்கு அவர் போகிறார். இன்னொன்றுக்கு ஆளில்லாமல் என்னை அனுப்புகிறார். "அரிசியைப் பாக்காதே, பொண்ணைப் பாரு" என்கிறார். தெரியும் சார், தெரியும்! இத்தனை நாள் வேறென்ன செய்தேன்? இருந்தாலும், இதையும் கோட்டைவிட்டால் மறுபடி ஹெப்பாள் பஸ்தான்.

மே 28

கெட்டிமேளம் கேட்டதும் மொத்தக் கூட்டமும் போனைத் தூக்கிக்கொண்டு குறுக்கே வந்தது. அட கடவுளே, கல்யாணத்தைக் கண்ணால் பார்க்க ஒருத்தர்கூட இல்லையா! மாப்பிள்ளையின் மாமா என் காலை மிதித்துக்கொண்டு நின்றார். நான் நகரவில்லை. அரிசி மழை. கை தானாக லென்ஸைத் திருப்பியது. எடுத்துவிட்டேன் — என்ன வந்திருக்கிறது என்று பார்க்கத்தான் இன்னும் தைரியமில்லை.

ஜூன் 2

பெண்ணின் அம்மா அன்னபூர்ணி படம் பார்க்க ஸ்டுடியோவுக்கு வந்தார். முன்னால் அட்சதை கலங்கலாகப் பறக்கிறது, அதன் நடுவே மகள் பிரதிபாவின் முகம். தாலி ஏறும் நேரத்தில் அவள் மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை. கண் கூட்டத்தில் யாரையோ தேடுகிறது.

அன்னபூர்ணி திரைக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தார். அப்புறம் மெதுவாக, "போன் தூக்கினவங்களுக்குப் பின்னால மாட்டிக்கிட்டேன்மா. ஒண்ணுமே தெரியல. இவ என்னையா தேடுனா?" என்றார்.

நானும் அழுதுவிட்டேன், வெட்கங்கெட்டுப்போய். சார் மூக்கை உறிஞ்சினார். ஏசியாம் காரணம்! அந்த அம்மா போனதும், "இனி ஸ்டேஜ் நீ பாத்துக்கோ" என்றார்.

ஜூன் 8, ஞாயிறு

இன்றைய கல்யாணத்தில் ஸ்டேஜ் முழுக்க நான். பந்திக்கு ஆள் கிடைக்கவில்லை, சாரே எடுத்தார். அந்தப் படங்களை இப்போதுதான் பார்த்தேன். ஒருத்தர் விடாமல் வாயைப் பிளந்துகொண்டு, பாதிக் கவளத்தில்.

சார் இன்னும் பழக வேண்டும், பாவம்.