சிங்கப்பூர் பாடி, ஈப்போ பாடி

அக்டோபர் 6, திங்கள். விடியலிலிருந்து பெருமழை.

காலையில் பள்ளிக்கூட பஸ் எரிந்துவிட்டது. காஜா பெராங் சாலையில், பள்ளி வாசலுக்குக் கொஞ்சம் முன்னால். பிள்ளைகள் எல்லாரும் உயிரோடு இறங்கிவிட்டார்கள். ஓட்டுநர் மாணிக்கத்தின் இரண்டு கையும் வெந்துபோயின. பெரிய ஆஸ்பத்திரியில் கிடக்கிறான்.

போன மாதம் நான் சிங்கப்பூரிலிருந்து வாங்கிய இரண்டு பழைய பஸ்களில் ஒன்று. பின் எஞ்சின்.

பார்த்தவர்கள் சொன்னது: பின்னால் புகை. மாணிக்கம் முன்னால். அவனுக்குத் தெரியவே இல்லை. முன் எஞ்சினாக இருந்திருந்தால் காலில் சூடு ஏறியிருக்கும், வாடை அடித்திருக்கும். பிள்ளைகள் கத்தியதை வழக்கமான கூச்சல் என்றே நினைத்திருக்கிறான். தெரிந்ததும் நிறுத்தினான், எல்லாரையும் இறக்கினான். ஒரு சின்னப் பெண் மட்டும் வரவில்லை. கடைசி வரிசையில் எஞ்சின் மேலுள்ள பலகையில் காயப் போட்ட கால் சப்பாத்து இடுக்கில் விழுந்துவிட்டது, எடுக்கக் கையை விட்டிருக்கிறது, கை மாட்டிக்கொண்டது. வெறுங்கையால் பலகையைப் பிடுங்கியிருக்கிறான். பலகைக்குக் கீழே எஞ்சின்.

போலீஸ் ஸ்டேஷன். ரேடியேட்டரில் சொட்டுத் தண்ணீர் இல்லையாம். தண்ணீர் பார்க்காமல் வண்டியை எடுத்திருக்கிறான், டிரைவர் தப்பு என்றார் இன்ஸ்பெக்டர். நான் வாய் திறக்கவில்லை. அவன் தப்பு என்றால் என் பஸ் லைசென்ஸ் பிழைக்கும். எனக்கு அது நல்லது. யாரும் படிக்காத நோட்டில் நடிக்க என்ன இருக்கிறது.

குடையை ஸ்டேஷனில் விட்டுவிட்டேன். நாளைக்குப் போய்த் திரும்ப வாங்க வேண்டும்.

7, செவ்வாய். தூறல்.

ஆஸ்பத்திரி. மாணிக்கத்தின் பெண்சாதி அஞ்சலை வராந்தாப் பெஞ்சில். என்னைப் பார்த்ததும் எழுந்தாள். அழவில்லை.

“தண்ணி பாக்காம காடி எடுக்கிற ஆளா மொதலாளி அவரு? வூட்ல நான் அடுப்புப் பத்த வைக்கிறதுக்கு முந்தி காடிக்குத் தண்ணி ஊத்துற மனுசன். எல்லாரும் கேக்குறாங்க, ஒம் புருசன் தூங்கிட்டானான்னு.”

ஆஸ்பத்திரிச் செலவு என்னுடையது என்றேன்.

“நான் காசா கேட்டேன்?”

உள்ளே அவன். கட்டுக்கு மேல் கட்டு. முகத்தில் மருந்து. கண் திறந்து, “அந்தப் புள்ள?” என்றான். நன்றாக இருக்கிறது என்றேன். “சப்பாத்து புதுசுன்னு அழுதுச்சு மொதலாளி.”

டாக்டர்: வலது கை பிழைக்காது. இடது கை, பார்க்கலாம்.

திரும்பும்போது கோப்பிக்கடை. நான் வந்ததைப் பார்க்காமல் ஒருவன், “குடிச்சிருந்தானாம்ல” என்று சொல்லிக்கொண்டிருந்தான். பார்த்ததும் நிறுத்திவிட்டான். வெற்றிலை வியாபாரி மட்டும் நிறுத்தவில்லை.

“என்னாண்ணே, ஒங்க பஸ்ல ஏறுனா சமையலும் சேத்தா?”

கோப்பியை அப்படியே வைத்துவிட்டு வந்தேன். மாணிக்கம் குடிக்கிறவன் இல்லை. அதைக்கூட நான் சொல்லவில்லை.

8, புதன். வெயில் எரித்தது.

புக்கிட் பாருவில் ஆ ஹெங்கின் பட்டறை. மிச்சமுள்ள இரண்டு பஸ்களையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தச் சொன்னேன். ஒன்று மூன்று வருஷமாக ஓடுகிற ஈப்போ பஸ். இன்னொன்று எரிந்ததன் ஜோடி, சிங்கப்பூர் பஸ். இரண்டுக்கும் அடிச்சட்டம் ஒன்று, எஞ்சின் ஒன்று, இரண்டும் ஒரே கப்பலில் வந்த மாதிரி. மேலே பாடி மட்டும் அந்தந்த ஊரில் கட்டியது. நான் வாங்கியதும் எல்லாவற்றுக்கும் ஒரே நீலம் அடித்துவிட்டேன். ஒரே பஸ் என்றே வைத்திருந்தேன்.

சாமி படத்துக்கு வைத்திருந்த ஊதுபத்தியைக் கொளுத்திக்கொண்டு ஈப்போ பஸ்ஸுக்குப் பின்னால் நின்றேன். ஆ ஹெங் எஞ்சினை ஓட்டினான். பக்கவாட்டில் காது மாதிரி வெளியே நீட்டிய தகரத்துக்குள் புகை போயிற்று. ஈப்போ பக்கம் மலை ஏறும் வண்டி, வெளிக்காற்று வேண்டும்.

சிங்கப்பூர் பஸ்ஸைச் சுற்றி வந்தேன். வெளியே எங்கேயும் ஓட்டை இல்லை.

ஆ ஹெங்குக்கு நான் தவுக்கே, முதலாளி. மலாயில் சொன்னான்: “டவுன் பஸ், தவுக்கே. ரெண்டு பக்கமும் விளம்பரம் எழுதுவாங்க. படத்து நடுவுல ஓட்டை போட விடுவாங்களா?”

ஆணியால் நீலத்தைக் கீறினேன். அடியில் ஒரு சோப்புக்காரியின் சிரிப்பு, பாதிப் பல்.

அதன் எஞ்சினையும் ஓட்டச் சொல்லிவிட்டு உள்ளே போனேன். ஊதுபத்திப் புகை நேராகக் கடைசி வரிசைக்குப் போயிற்று, என் பலகை இடுக்கில் இறங்கிற்று. சட்டையைக் கழற்றிப் பலகைமேல் விரித்தேன். புகை அப்படியே நின்றது.

பலகை நான் அடித்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால், ஈப்போ பஸ்ஸில், எஞ்சின் மேல் பகுதி சும்மாதானே கிடக்கிறது என்று. கணகணவென்று சூடு இருக்கும், மழை நாளில் பிள்ளைகளின் ஈரச் சப்பாத்து காயும். பள்ளிக்கூடம் போய்ச் சேருமுன் காய்ந்துவிடும் என்று வீடு வீடாகச் சொல்லி ஆள் பிடித்தேன். தாய்மாருக்கு அது பிடித்தது. சிங்கப்பூர் பஸ்களுக்கும் அதே பலகை, அதே ஆணி.

போன மாதம் முழுக்க வெயில். இடுக்கு வழியாக எஞ்சின் மூச்சு வாங்கியிருக்கிறது. திங்கட்கிழமைதான் முதல் பெருமழை. பை, மழைக்கோட்டு, சப்பாத்து, எல்லாம் பலகைமேல். மூச்சு அடைத்தது. மாணிக்கம் ஊற்றிய தண்ணீர் கொதித்து வற்றியிருக்கிறது.

ஆ ஹெங் கையைத் துடைத்துக்கொண்டே, “அந்தப் பலகை எரிஞ்சாச்சு தவுக்கே. நம்ம ரெண்டு பேருக்குத்தான் தெரியும்” என்றான். நல்ல எண்ணத்தில்தான் சொன்னான்.

ஈப்போ பஸ் பலகையையும் பிடுங்கச் சொன்னேன். சட்டையில் ஊதுபத்தி வாசனை.

9, வியாழன். மூட்டம்.

வலது கையை மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள். இடது கையில் இரண்டு விரல் நிற்கலாம்.

வீட்டில் பெண்சாதியிடம் சொன்னேன். “லைசென்ஸ் போயிருமா?” என்றாள். போகும். “காலிப் போத்தல் பொறுக்குன காசுல வந்த பஸ்ஸு” என்று மட்டும் சொல்லிவிட்டு மீன் கழுவப் போய்விட்டாள். சொல் என்றும் இல்லை, சொல்லாதே என்றும் இல்லை.

மத்தியானம் ஆஸ்பத்திரி. அஞ்சலையிடம் பலகைக் கதையைச் சொன்னேன். முழுவதும். அவள் வெகுநேரம் என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தைப் பார்க்கவில்லை.

“இத எங்கிட்டச் சொல்லி என்னா? நான் அவர குடிகாரன்னு சொன்னனா?”

போலீஸில் சொல்கிறேன் என்றேன். மாதச் சம்பளம் நிற்காது என்றேன்.

“பாசார்ல சொல்லுங்க. கோப்பிக்கடையில சொல்லுங்க. புள்ளைங்கள ஏத்தி விட்ட பொம்பளைங்க கேக்கணும்.”

போலீஸில் சொன்னால் தானாகவே ஊருக்குத் தெரிந்துவிடும், நான் போய் நிற்க வேண்டாமே என்றேன். வாயில் வந்துவிட்டது. பழக்கம்.

“பேரம் பேசுறீங்களா மொதலாளி? இங்கயா?”

பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் குரலை உயர்த்தக்கூட இல்லை.

10, வெள்ளி. மறுபடியும் மழை.

காலையில் போலீஸில் எழுதிக் கொடுத்தாயிற்று. இன்ஸ்பெக்டர் இரண்டு தடவை கேட்டார், யோசித்துத்தான் சொல்கிறாயா என்று. லைசென்ஸை நிறுத்தி வைத்துவிட்டார்கள். மாணிக்கத்தின் மேல் குற்றம் இல்லை என்று எழுதிக்கொண்டார்கள். அங்கே விட்ட குடை கிடைத்தது. கம்பி ஒன்று உடைந்திருக்கிறது.

பிறகு ஆஸ்பத்திரி. மாணிக்கம் தூங்கிக்கொண்டிருந்தான். அவன் கட்டிலுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அஞ்சலை.

ஒப்புக்கொண்டது:

அவனுக்கு முழுச் சம்பளம், அவன் இருக்கும்வரை. பஸ் ஓடினாலும் ஓடாவிட்டாலும்.

சிங்கப்பூர் பஸ்ஸைப் பிள்ளைகள் ஏற்றுகிற யாருக்கும் விற்கக்கூடாது. இரும்புக்கு வெட்டிப் போடுவது.

ஞாயிற்றுக்கிழமை காலை, பாசாரில் கூட்டம் இருக்கும்போது, நான் நின்று, அவளும் நிற்க, சத்தமாகச் சொல்ல வேண்டும்: மாணிக்கம் தண்ணீர் ஊற்றினான்.