மாப்பிள்ளைக்குப் படைத்த முதல் தண்ணீர்

14 டிசம்பர் 2024, சனிக்கிழமை, காலை 6.40
வாசலூர்பட்டி, கொல்லிமலை

எண் 1: முதலாண்டுத் திதியன்று நடந்தவை

என் தங்கையைக் கைப்பிடித்த அன்பு மாப்பிள்ளைக்கு,

உங்கள் மகன் இளங்கோ ஆங்கிலத் தேதியைப் பார்த்து, திதி அடுத்த வாரம் என்றான். நேற்றே வருகிறது என்று முன்கூட்டியே நான்தான் திருத்தினேன். உங்கள் படத்தில் மூக்கோரம் பூஞ்சை பிடித்திருக்கிறது. மற்றபடி நலமாகவே இருக்கிறீர்கள் என்று கருதுகிறேன்.

இதைப் படிக்கும் பிறருக்காக ஒரு விளக்கம். சிங்கப்பூரில் ஒரு சீனரின் தேயிலைக் கடையில் நீங்கள் வேலை பார்த்தீர்கள். ஊர் திரும்பும்போது கொண்டுவந்தது பணமன்று. ஊலாங் என்னும் தேயிலையும் அதைப் பற்றிய கர்வமும். அது நம் கடைத்தூளைப் போல முழுதும் கறுத்ததன்று, பச்சைத் தேயிலையுமன்று. இரண்டுக்கும் நடுவில் நிறுத்தி, முறுக்கி, கரிக்கனலில் மணிக்கணக்காக வாட்டிய இலை. வறுத்த கொட்டையின் மணமும் அடியில் ஒரு பழத்தின் இனிப்பும் அதில் உண்டு. இந்த இனிப்பை நான் நேற்றுத்தான் அறிந்தேன். எனக்கும் நீங்கள் ஊற்றியதில்லை.

மலைமூட்டத்தில் இலைக்கு ஈரம் பிடிக்கும். மழைக்காலம் முடிந்ததும் மண்சட்டியில், சிறுதீயில் மறுபடி வாட்ட வேண்டும். வாட்டியவள் என் தங்கை பாவாயி. புகையில் கண் எரிய நின்றவளும் அவளே. நீங்கள் கோப்பையை முகர்வீர்கள். வாயில் வைக்காமலே வாசலில் வீசுவீர்கள்.

"கருக்கிப்போட்ட. போய் மறுக்கா போடு."

"ஒரு வாய் நானும் குடிச்சுப் பாத்தாத்தானுங்களே பக்குவம் தெரியும்?"

"உன்ற நாக்குக்குச் சுக்குத்தண்ணியே சாஸ்தி."

ஒரே ஒரு கோப்பையை நீட்டியிருந்தால் உங்களுக்கு என்ன குறைந்திருக்கும், மாப்பிள்ளை?

நேற்றைய செய்திக்கு வருகிறேன். கடைசி டப்பாவில் பாதி மிச்சமிருந்தது. அதைத் தானே குடித்துத் தீர்ப்பதாகப் பாவாயி சொன்னாள். இளங்கோ குறுக்கே நின்றான்.

"அது அப்பாவோட பொருளும்மா. வருசா வருசம் படையலுக்கு மட்டும் எடுப்போம். நீ குடிச்சா அவரு மனசு ஒப்புமா?"

"செத்தவரு மனசு ஒப்போணும், உசுரோட இருக்கறவ நாக்கு காயோணுமா?"

"சரி, படையலுக்காச்சும் பாலும் சக்கரையும் சேத்து நல்லாப் போடும்மா."

"உங்கப்பனுக்குப் போன வருசமே பாலு ஊத்தியாச்சு, கண்ணு."

நான் சிரித்தேன், சபையில் சிரித்தது நான் ஒருவன்தான்.

அவள் மூக்கு வைத்த சின்னக் கெண்டியை வெந்நீரால் சூடேற்றினாள். பாதிக் கெண்டி இலை. தளதளவென்று கொதிக்கும் நீரை ஊற்றி, மூச்சுவிடும் நேரத்தில் வடித்தாள். இந்த முதல் தண்ணீர் குடிப்பதற்கன்று. இலையின் தூசியைக் கழுவவும் சுருளை இளக்கவும் மட்டுமே. கீழே கொட்டிவிட வேண்டியது. நீங்களே வகுத்த விதி.

அவள் அதைக் கொட்டவில்லை. உங்கள் கோப்பையில் நிரப்பி, வாழையிலையில் வடைக்கும் மலைவாழைப்பழத்துக்கும் நடுவே, உங்கள் படத்தின் முன் வைத்தாள். இளங்கோவுக்கு வேறுபாடு தெரியாது. கற்பூரம் காட்டி விழுந்து கும்பிட்டான்.

"அண்ணா, நீங்களும் கும்பிட்டுக்கோங்க," என்றாள், முகத்தில் ஒரு கோடும் அசையாமல். கும்பிட்டேன்.

பிறகு இரண்டாம் தண்ணீரை ஊற்றினாள். சற்றே பொறுத்து வடித்தாள்; செம்பு நிறம். எனக்கு அரைக் கோப்பை, தனக்கு முழுக் கோப்பை. முதல் வாயை நாக்கில் உருட்டி விழுங்கினாள். அழுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"இத்தன நாளும் நாஞ் சரியாத்தான் போட்டிருக்கறனுங்கண்ணா," என்றாள்.

அழவில்லை. அடுத்த தண்ணீரை ஊற்றினாள். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடுதலாக ஊறவிட்டு, நிறம் வெளுக்கும்வரை அதே இலையில் குடித்தாள். படத்தின் பக்கம் திரும்பவே இல்லை. நீங்கள் பார்த்துக்கொண்டிருந்தீர்களா?

ஒரு வாக்குத் தருகிறேன். இனி மாதம் ஒருமுறை, அமாவாசையன்று, அவள் கெண்டி ஏற்றுவாள். இளங்கோ தடுக்காதபடி நான் பக்கத்தில் இருப்பேன். டப்பா தீரும்வரை ஒரு நாள்கூடத் தவறாமல் முதல் தண்ணீர் உங்களுக்கே வந்து சேரும். தேதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பாவாயியின் அண்ணன், உங்கள் மூத்த மைத்துனன்

இணைப்பு:
1. சாறு முழுதும் இறங்கிய இலை, உலர்த்தியது, ஒரு பிடி.
2. டப்பாவின் சீன எழுத்துக் காகிதம். உங்களுக்கும் படிக்கத் தெரியாது என்பதை இளங்கோவிடம் சொல்லிவிட்டேன்.
3. தேநீர் இணைக்கப்படவில்லை.