பழுதாகாத அவண்

மச்சான்,

நேற்றுக் கொட்டாஞ்சேனையில் உன் வீட்டுப் படியேறும்போதே அந்த மணம் வந்தது. பவுடர் பெயின்ட் சூடேறும் மணம். நீ கண்ணை மூடி எட்டு மாதமாகிறது. ஆனாலும் ஒரு கணம் நீதான் பின் பல்கனியில் நிற்கிறாய் என்று நினைத்து இரண்டிரண்டு படியாகத் தாவினேன். இந்த முழங்காலோடு!

அடுப்படி மேசையில், கேக் சுடும் நம் பழைய மின் அவண் சூடாகிக்கொண்டிருந்தது. பக்கத்தில் தட்டில் ஊற்றிய நத்தார்ப் பண்டிகைக் கேக் கலவை. உன் பேரப்பிள்ளைகள் இருவரும் கரண்டியை நக்கிக்கொண்டிருந்தார்கள்.

"புது அவண் நிண்டுபோச்சு அண்ணை. இது பழுதெண்டுதானே அவர் சொன்னவர்? நல்லா வேலை செய்யுது," என்றாள் உன் மனைவி.

வேலை செய்யாமல் என்ன? அன்று நீ பழுதென்று சொன்னபோது, "ஓம் தங்கச்சி, உள்ளுக்கு எரிஞ்சுபோச்சு," என்று ஒத்து ஊதியவன் நான்தானே. அவளுக்குப் புதிது வந்தது, இது பல்கனிக்கு வந்தது. பழைய ஈயத்தை உருக்கித் தூண்டிலுக்குக் குண்டு வார்ப்போம். வெறும் ஈயம் கையெல்லாம் கறுப்பாக்கும் என்று, மட்டக்குளியில் இரும்புக் கேற் செய்யும் கடையில் மஞ்சள் நிறப் பவுடர் பெயின்ட் வாங்கி வருவாய். ஐஸ்கிரீம் டப்பாவில் குண்டுகளையும் பவுடரையும் போட்டு நீ குலுக்கும்போது இடுப்பும் சேர்ந்து ஆடும். பிறகு அவணில் வைத்துச் சுடுவோம். நூல் கோர்க்கும் கண்ணைப் பவுடர் அடைக்காமல் கம்பி செருகுவது என் வேலை. மறந்தால், "கண் மூடினா ஒண்டுக்கும் உதவாதடா," என்று கத்துவாய்.

அவண் கதவில் 'ஈயம்' என்று எழுதி ஒட்டுவோம் என்று எத்தனை முறை சொன்னேன்!

"எழுதினா அவள் வாசிச்சுப் போடுவாளெல்லோ. பிறகு நான் ஹெந்தளைக் கடற்கரையிலதான் படுக்கவேணும்."

சிரித்தோம். எழுதவில்லை.

நேற்று ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, ஈயம் நஞ்சு என்பதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். உன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டேன், மன்னித்துக்கொள். அவள் பிள்ளைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பழுதில்லையெண்டு எனக்கு அண்டைக்கே தெரியும் அண்ணை. புதுசு வருமெண்டு பேசாமல் இருந்தனான். ஈயமெண்டுதான் தெரியாது." பிறகு சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். "ஒரு பொய்யைக்கூட வடிவாச் சொல்லத் தெரியாத மனுசன்."

கேக் பக்கத்து வீட்டில் வெந்தது. அவணை நான் வெள்ளவத்தைக்குக் கொண்டுவந்துவிட்டேன். இன்று காலை அதன் கதவில் கறுப்பு மையால் பெரிதாக எழுதினேன்: ஈயம். சாப்பாடு வைக்கக்கூடாது.

துடைக்கும்போது உள்மூலையில் ஒரு மஞ்சள் குண்டு கிடைத்தது. கண் மூடியிருந்தது. நான் கம்பி செருக மறந்த ஒன்று. துளைத்துவிடலாம், மனம் வரவில்லை. இப்போது என் சட்டைப்பையில் கிடக்கிறது. பேருந்தில் கை தானாக அதைத் தேடிப்போகிறது. பிடித்தவுடன் நீ பக்கத்து இருக்கையில் இருக்கிறாய்.

கண் மூடினால் ஒன்றுக்கும் உதவாதென்றாயே மச்சான், அவண் பொய்யைவிட அதுதான் பெரிய பொய்.